கார் ஏற்றும் இரவு ரயில்கள் ஐரோப்பாவில் ஏன் நிலைக்கவில்லை?

வாசகர் கேள்வி, 2025 செப்டம்பர் 6

சென்னையிலிருந்து மதுரைக்கும் நெல்லைக்கும் கோவைக்கும் ராத்திரி ராத்திரி எத்தனை ரயில் ஓடுகிறது! இவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் உள்ள ஐரோப்பாவில் ஒரு நாட்டில் படுத்து இன்னொரு நாட்டில் எழுந்திருக்க ஏன் ரயில் இல்லை? காரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போன ரயில்களை ஏன் நிறுத்தினார்கள்? விமானக் கம்பெனிகளின் சதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 6, இரவு

சதி எதுவும் இல்லை. 1990-களுக்குப் பிறகு மலிவு விமானங்கள் ஆட்களை இழுத்தது உண்மைதான். ஆனால் நான் ஹாம்பர்க்கில் இருக்கிறேன், கோடையில் காரை ரயிலில் ஏற்றிக்கொண்டு தெற்கே போகிறவன். நான் பார்த்தவரை காரணங்களில் பாதிக்கு மேல் ரயில்வேக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் நிலவரம். ஜெர்மனியின் டாய்ச்ச பான் தன் கார் ரயில்களை 2014-ஐ ஒட்டிப் படிப்படியாக விட்டது. 2016 டிசம்பரில் படுக்கை ரயில்களையும் நிறுத்தியது. அதே மாதம் ஆஸ்திரிய ரயில்வே அதில் ஒரு பகுதியை எடுத்து நைட்ஜெட் என்ற பெயரில் ஓட்டத் தொடங்கியது. ஹாம்பர்க்–வியன்னா, ஹாம்பர்க்–இன்ஸ்ப்ரூக் தடங்களில் இன்றும் கார் ஏறுகிறது. உர்லாப்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற தனியார் ரயில் ஹாம்பர்க், டூசல்டார்ஃப் பக்கமிருந்து லொராக், வெரோனா, வில்லாக் என்று சீசனுக்குப் போகிறது. ஆக, அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெர்லின் வான்சே, மியூனிக் கிழக்கு, தெற்கு பிரான்சில் நார்போன், அவிஞோன் என்று முன்பு கார் ஏற்றி இறக்கிய ஊர்களின் பட்டியலோடு ஒப்பிட்டால், மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான்.

செப்டம்பர் 8

கேட்டவர் நம் ஊரோடு ஒப்பிட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊர் எல்.எச்.பி ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த். ஏசி மூன்றடுக்கில் 72. இப்படி இருபது பெட்டியைக் கோத்தால் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் போகிறார்கள். இங்கே வழக்கமான ஸ்லீப்பர் பெட்டியில் 12 அறை, அறைக்கு மூன்று படுக்கை, மொத்தம் 36. அதிலும் பலர் இருவராகவோ தனியாகவோ அறை எடுக்கிறார்கள், அப்போது 24 ஆகிறது, 12 ஆகிறது. அறைக்கு ஆறு பேர் படுக்கிற, எளிய படுக்கைகள் கொண்ட கூஷெட் பெட்டியில் 54-லிருந்து 60 வரை. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய புதிய நைட்ஜெட் ஏழு பெட்டித் தொடரில் மொத்தமே 250 பேர் அளவுதான்.

பகலில் ஓடும் பிரான்சின் அதிவேக ரயிலான டி.ஜி.வி-யில், இரட்டைத் தள வகை ஒன்றில் 500 இருக்கை. அது காலையில் பாரிஸிலிருந்து லியோன் போய், திரும்பி, மறுபடி போகும். ஒரே இருக்கையை ஒரு நாளில் பல பேருக்கு விற்கலாம். படுக்கையை ஓர் இரவுக்கு ஒரு முறைதான் விற்க முடியும். பகல் முழுக்க அந்தப் பெட்டி யார்டில் நிற்கும். கம்பளி, விரிப்பு, காலைச் சாப்பாடு, பெட்டிக்குப் பெட்டி ஓர் அட்டெண்டர், அவருக்கு இரவுப்படி எல்லாம் தனிச் செலவு. தண்டவாள வாடகையோ ரயில் ஓடும் கிலோமீட்டருக்கு. உள்ளே 250 பேர் இருந்தாலும் 500 பேர் இருந்தாலும் கட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டு விகிதத்தில்.

கூடவே வரி. ரயில் ஓடும் தூரத்துக்கு ஜெர்மனி போன்ற நாடுகள் டிக்கெட்டில் மதிப்புக்கூட்டு வரி போடுகின்றன. நாடு விட்டு நாடு போகும் விமான டிக்கெட்டுக்கு அந்த வரி கிடையாது, அந்த விமானத்தின் எரிபொருளுக்கும் வரி கிடையாது. இதைச் சதி என்று சொல்லாவிட்டாலும் அநியாயம் என்று சொல்வேன்.

செப்டம்பர் 9

மின்சாரம் மாறுவதால்தான் ஓட முடியவில்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாறுவது நிஜம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் 15 கிலோவோல்ட். டென்மார்க்கில் 25. இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் 3 கிலோவோல்ட் டி.சி. நெதர்லாந்தில் ஒன்றரை. பிரான்சில் வடக்கே 25, தெற்கில் பல பாதைகளில் ஒன்றரை. சிக்னல் பாதுகாப்பு முறையும் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் வெக்ட்ரான் மாதிரி பல மின்சாரத்திலும் ஓடும் எஞ்சின்கள் வந்தபிறகு இது பணம் கொடுத்துத் தீர்க்கக்கூடிய விஷயம். பணம் கொடுத்தாலும் உடனே கிடைக்காதது ஆள்.

எஞ்சின் ஓட்டுபவருக்கு அந்த நாட்டு மொழி பி1 என்ற நடுத்தர அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது ஐரோப்பிய ஒன்றிய விதி. அந்தப் பாதையும் பழகியிருக்க வேண்டும். விமானிக்கு ஆங்கிலம் போதும். ரயில் ஓட்டுநர் ஹாம்பர்க்கிலிருந்து வெரோனா வரை போக ஜெர்மனும் இத்தாலியனும் பேச வேண்டும், இல்லையென்றால் ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையான பிரென்னரில் இறங்கி வேறு ஆளிடம் விட வேண்டும். அந்த வேறு ஆள் நள்ளிரவில் அங்கே தயாராக இருக்க வேண்டும்.

2017 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஜெர்மனியின் ராஷ்டாட்டில் சுரங்கம் தோண்டும்போது மேலே இருந்த தண்டவாளம் அமிழ்ந்தது. ஐரோப்பாவின் மிக முக்கியமான வடக்கு–தெற்குப் பாதை அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. ரைன் நதிக்கு அந்தப் பக்கம், பிரான்சின் அல்சாஸில், இணையாக இன்னொரு பாதை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மாற்றுப்பாதை. ஆனாலும் சரக்கு ரயில்களில் சொற்பம்தான் அந்த வழியே போக முடிந்தது. பிரெஞ்சு பேசி அந்தப் பாதை தெரிந்த ஓட்டுநர்கள் போதவில்லை, பிரான்சில் ஓட அனுமதி உள்ள எஞ்சின்களும் போதவில்லை. சரக்கு ரயிலுக்கே அந்த நிலை.

நம் ஊரில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லி போவதற்குள் எத்தனை மாநிலம், எத்தனை மொழி. ஓட்டுநர் மாறுகிறார்தான், ஆனால் எல்லாரும் ஒரே ரயில்வேயின் ஆட்கள், ஒரே 25 கிலோவோல்ட், ஒரே விதிப்புத்தகம். அந்த வசதியின் அருமை இங்கே வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

செப்டம்பர் 14

இதுவரை படுக்கை ரயிலின் கதை. கார் ரயிலுக்கு வேறொரு தடை இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

கார் ஏற்றுவது எப்படி என்று நேரில் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். ரயில் புறப்படுவதற்கு ரொம்ப முன்னாலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். உயரத்தையும் அகலத்தையும் பார்த்துவிட்டு, முன்கண்ணாடியில் ஓர் எண் சீட்டு ஒட்டுவார்கள். எந்தக் கார் மேல்தளம், எந்தக் கார் கீழ்த்தளம், எது முன்னால், எது பின்னால் என்று அந்த எண்ணை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். இரண்டடுக்குச் சாய்தளத்தின் வழியே ஏறி, ரயிலின் கடைசி வண்டிக்குள் நுழைந்து, வண்டியிலிருந்து வண்டிக்குப் போடப்பட்ட இரும்புத் தகட்டின் மேல் தடதடவென்று ஓட்டிக்கொண்டே முன்னால் போக வேண்டும். இருபுறமும் இரும்பு விளிம்பு, டயருக்கும் அதற்கும் இடையே விரல் நுழையும் இடம்தான். கண்ணாடியை மடக்கிவிடச் சொல்வார்கள். கீழ்த்தளத்தில் கூரை தலையில் இடிக்கிற உயரம். நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, அலாரத்தை அணைத்து, ராத்திரிக்கு வேண்டிய பையை எடுத்துக்கொண்டு குனிந்தபடி வெளியே வர வேண்டும். அப்புறம் காலை வரை காரைத் தொட முடியாது. குழந்தையின் மருந்தைக் காரிலேயே விட்டுவிட்டு வந்து தவித்த ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் நடக்க அந்தச் சாய்தளம் வேண்டும், கார்கள் வரிசை நிற்க இடம் வேண்டும், அதுவும் ஊருக்குள், ஸ்டேஷனை ஒட்டியே. கார் வண்டிகளை ஆட்கள் ஏறும் பெட்டிகளோடு கோக்க ஒரு ஷண்டிங் எஞ்சினும் அதற்கு ஆளும் வேண்டும். நாளுக்கு ஒன்றிரண்டு ரயிலுக்காக நகரின் நடுவே இவ்வளவு நிலத்தையும் ஆளையும் வைத்திருக்க யாருக்கும் மனமில்லை. அடுக்குமாடி கட்டினால் கோடிக்கணக்கில் போகும் நிலம். ஹாம்பர்க் ஆல்டோனா ஸ்டேஷனை டீப்ஸ்டைக்குக்கு மாற்றும் திட்டத்திலும் கார் ஏற்றுமிடம் என்ன ஆகும் என்பது பெரிய பிரச்சினையாகத்தான் இருந்தது. ரயில் நின்றால் அடுத்த வருடம் வேறு யாராவது வந்து ஓட்டலாம். சாய்தளத்தை இடித்துவிட்டால் அந்த ஊரின் கதை முடிந்தது. என் கவலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் 15

நேற்று விட்டுப்போனது: கார்கள் வளர்ந்துவிட்டன. 1974-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1.61 மீட்டர் அகலம். இன்றைய கோல்ஃப் 1.79. இப்போது எல்லாரும் வாங்குவது அதைவிடப் பெரிய எஸ்.யூ.வி. கார் வண்டிகளோ பல பத்தாண்டுகளுக்கு முந்தையவை, சுரங்கங்களின் உயரமும் மாறவில்லை. ஒரு வண்டியில் இரண்டு தளமும் சேர்த்து எட்டு, மிஞ்சிப்போனால் பத்து கார். அதே நீளத்துக்கு ஒரு கூஷெட் பெட்டி மாட்டினால் அறுபது பேர். இப்போது எட்டாம் தேதிக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

செப்டம்பர் 21

கொங்கண் ரயில்வேயின் கார் ரயிலைப் பற்றி சேலம் நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல உதாரணம். 2025 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் கொலாட்டிலிருந்து கோவாவில் உள்ள வெர்ணாவுக்குத் தொடங்கியது. அப்போது கார் ஒன்றுக்கு 7,875 ரூபாய், ஒரு நடைக்கு 40 கார், 16-க்குக் குறைவாகப் பதிவானால் ரயில் கிடையாது என்று வைத்திருந்தார்கள். 1999 முதல் லாரி ஏற்றிக்கொண்டு போன தட்டை வண்டிகளிலேயே காரையும் ஏற்றினார்கள். புதிய வண்டி கட்ட வேண்டியிருக்கவில்லை, சாய்தளம் ஏற்கெனவே இருந்தது. அது பெரிய அனுகூலம். கொலாட் மும்பையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, அது பலவீனம். மும்பைக்காரர் அதுவரை ஓட்டிவந்த பிறகு, மீதியையும் ஓட்டிவிடலாமே என்றுதான் நினைப்பார். ஏற்றுமிடம் ஊருக்குள் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

அமெரிக்காவின் ஆட்டோ டிரெயினையும் இங்கே சேர்க்க வேண்டும். வாஷிங்டனுக்குத் தெற்கே லார்ட்டனிலிருந்து புளோரிடாவின் சான்ஃபோர்டு வரை 1,376 கிலோமீட்டர். 1971-ல் தனியார் கம்பெனி தொடங்கியது, 1981-ல் நொடித்துப்போனது, 1983-ல் ஆம்ட்ராக் எடுத்தது, இன்றும் ஓடுகிறது. ஒரே நாடு, ஒரே மொழி, கார் ரயிலுக்கென்றே கட்டிய இரண்டு நிலையங்கள். குளிர்காலத்தைத் தெற்கே கழிக்கப் போகும் முதியவர்களுக்கு மாதக்கணக்கில் கார் தேவைப்படும், வாடகைக் கார் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஃபின்லாந்திலும் அப்படித்தான். ஹெல்சிங்கியின் பசிலாவில் காரை ஏற்றினால் லாப்லாந்தில் இறக்கிக்கொள்ளலாம், முழுக்க ஒரே ரயில்வே. பட்டியலைப் பார்த்தால் கார் ரயில் நன்றாக ஓடும் இடங்கள் பெரும்பாலும் ஒரே நாட்டுக்குள்ளேதான் இருக்கின்றன.

செப்டம்பர் 28

டொரோண்டோ அக்கா லண்டனிலிருந்து, இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடியில் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கம் வழியே இரவு ரயில் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார். அக்கா, அந்தப் பெட்டிகள் உங்கள் நாட்டில்தான் இருக்கின்றன. நைட்ஸ்டார் என்று பெயர் வைத்து 139 பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். லண்டனுக்கு வெளியே ஸ்வான்சீ, பிளிமத் மாதிரி ஊர்களிலிருந்தும் ஐரோப்பாவுக்கு ராத்திரியில் போவதாகத் திட்டம். மின்சாரம் இல்லாத பாதைகளில் டீசல் எஞ்சினோடு, ஏசிக்கும் விளக்குக்கும் மின்சாரம் தர ஜெனரேட்டர் வண்டி ஒன்றையும் இழுக்க வேண்டிய நிலை. பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் சோதனை, உள்நாட்டுப் பயணிகளோடு கலக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. அதற்குள் மலிவு விமானங்கள் வந்துவிட்டன. ஒரு பயணியைக்கூட ஏற்றாமலே திட்டத்தைக் கைவிட்டு, 2000-ல் கனடாவின் வியா ரயிலுக்கு விற்றார்கள். மாண்ட்ரியலிலிருந்து ஹாலிஃபாக்ஸ் போகும் ஓஷன் ரயிலில் படுத்திருந்தீர்கள் என்றால் அநேகமாக அதில்தான் படுத்திருப்பீர்கள்.

அதே சுரங்கத்தில் ஓடும் லெ ஷட்டில் கார் ரயிலை அப்படியே பாரிஸ் வரை நீட்டலாமே என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். முடியாது. அந்த வண்டிகள் சுரங்கத்துக்கென்றே பெரிதாகக் கட்டியவை. இரு முனையங்களுக்கு வெளியே எந்தப் பாலத்தின் கீழும் நுழையாது.

அக்டோபர் 12

ரொம்ப நாளாக எழுத நினைத்தது: ராத்திரி என்பது ரயில்வேக்குப் பராமரிப்பு நேரம். தண்டவாளம் மாற்றுவது, மின்கம்பி இழுப்பது எல்லாம் பகல் ரயில்கள் ஓய்ந்தபிறகுதான். சரக்கு ரயில்களுக்கும் அதுதான் நேரம். இரண்டுக்கும் நடுவே புகுந்து நம் ரயில் போக வேண்டும். பாரிஸ்–பெர்லின், பாரிஸ்–வியன்னா நைட்ஜெட்டுகளைப் பாதைப் பணிக்காக 2024 ஆகஸ்ட் 12 முதல் அக்டோபர் 25 வரை அடியோடு நிறுத்தி வைத்தார்கள். பகல் ரயில் என்றால் அரைமணி சுற்றி விடுவார்கள். இரவு ரயில் நாலு நாட்டுக் கால அட்டவணையில் ஊசி நுழைவதுபோல் நுழைந்து போவது, ஒரு நாட்டில் அந்த நேரம் தவறினால் அடுத்த நாட்டிலும் தவறிவிடும்.

எனக்கே நடந்தது. எந்த ரயில் என்று சொல்லவில்லை. தெற்கே போகும் வழியில் விடியற்காலை ஏதோ ஒரு யார்டில் நின்றுவிட்டது. வேலை நடக்கும் பாதையைத் தாண்டி எங்களை இழுத்துப்போக வேண்டிய எஞ்சினுக்கு ஓட்டுநர் இல்லை. முந்தைய ஓட்டுநரின் பணி நேரம் முடிந்து அவர் இறங்கிப் போய்விட்டார். சட்டப்படி அவர் செய்தது சரி. மாற்று ஆள் காரில் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பக்கத்துத் தண்டவாளத்தில் ஆரஞ்சு அங்கி போட்ட ஆட்கள் சரளைக்கல்லை அள்ளிக்கொண்டிருந்தார்கள். யார்மேலும் கோபப்பட முடியவில்லை. மதியம்தான் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நடைக்கு அதே பெட்டிகளைக் கழுவி விரிப்பு மாற்ற வேண்டும் என்பதால் அன்று இரவு ரயிலும் தாமதம்.

அக்டோபர் 13

இவ்வளவு தொல்லை என்றால் ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஹாம்பர்க்கிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் 800 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அக்கா குடும்பம் இருக்கிறது. லொராக்கில் இறங்கினால் எல்லை பக்கத்திலேயே. ஓட்டிக்கொண்டு போனால் வழியில் ஒரு ராத்திரி ஓட்டல், பெட்ரோல், பின் சீட்டில் குழந்தையின் அழுகை. இத்தாலி பக்கம் என்றால் ஆஸ்திரியச் சாலைக்கட்டணம், பிரென்னர் சுங்கம். அங்கே லூக் பாலத்தில் 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான நாட்கள் திசைக்கு ஒரே தடம்தான். கூட்டிக் கழித்தால் ரயில் கொஞ்சம்தான் அதிகம். தூங்கி எழுந்து சொந்தக் காரில் ஏறிப் போகிற சுகத்துக்கு அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்க நான் தயார். என்னைப் போல நிறையப் பேர் தயார், சீசனில் இடம் கிடைப்பதில்லை. அதுவும் ஒரு சிக்கல்தான். விடுமுறை தொடங்கும்போது எல்லாரும் தெற்கே, முடியும்போது எல்லாரும் வடக்கே. எதிர்த்திசையில் பாதி காலி. குளிர்காலத்தில் வண்டிகள் சும்மா நிற்கும், ஆனால் அவற்றுக்கான தவணை நிற்காது.

நவம்பர் 2

மேலே ஒரே நாட்டுக்குள் என்று எழுதியதற்குப் பெரிய விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, ஆப்டிமா எக்ஸ்பிரஸ். ஆஸ்திரியாவின் வில்லாக்கிலிருந்து துருக்கியின் எதிர்னே வரை, காரோடு, ஒன்றரை நாள் அளவுக்குப் பயணம். ஸ்லோவேனியா, குரோஷியா, செர்பியா, பல்கேரியா என்று தாண்டிப் போகிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உழைக்கும் துருக்கியக் குடும்பங்கள் கோடையில் ஊருக்குப் போகும் ரயில். கார் நிறைய சாமான், பாட்டி தாத்தாவுக்குப் பரிசு, ஊரில் ஆறு வாரம் சுற்றக் கார். விமானத்தால் இந்தத் தேவையைத் தீர்க்க முடியாது. குரோஷியா 2023-லும் பல்கேரியா 2025 தொடக்கத்தில் தரைவழிக்கும் சோதனையில்லா எல்லைகளுக்கான ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் வந்தபிறகு எல்லைச் சோதனை குறைந்திருக்கிறது. செர்பியாவுக்குள் நுழையவும் வெளியேறவும், துருக்கியில் நுழையவும் இன்னும் இருக்கிறது, அங்கே காரையும் கொண்டுவருபவர் பெயரில் பதிவு செய்வார்கள். இத்தனை தடையோடும் அது ஓடுகிறது என்றால், காரோடு போயே ஆக வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால்தான். ஐரோப்பாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஊர்வரை தண்டவாளம் இல்லை, இருந்திருந்தால் இதே கூட்டம் நம்மிடமும் இருந்திருக்கும்.

டிசம்பர் 15

பாரிஸ்–பெர்லின், பாரிஸ்–வியன்னா நைட்ஜெட்டுகள் நேற்றோடு நின்றன. பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியதும் ஆஸ்திரிய ரயில்வே விலகிக்கொண்டது. வியன்னா ரயில் 2021 டிசம்பரிலும் பெர்லின் ரயில் 2023 டிசம்பரிலும்தான் எவ்வளவு ஆரவாரமாகத் தொடங்கின! பெர்லின் தடத்தை மட்டும் யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற சின்ன நிறுவனம் 2026 மார்ச்சிலிருந்து வாரம் மூன்று முறை ஓட்டப்போவதாக அறிவித்தது. 2023-ல் பிரஸ்ஸல்ஸ்–பெர்லின் ஓட்டத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். பழைய பெட்டிகளை வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டுகிறார்கள், புதிதாகக் கட்டக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிரான்சில் மிட்நைட் டிரெய்ன்ஸ் என்று பெரிய கனவோடு வந்தவர்கள் 2024-ல் ஒரு ரயில்கூட ஓட்டாமல் மூடிவிட்டார்கள்.

மானியம் கொடுக்கலாமா என்று இங்கே நடந்த சண்டையைப் படித்தேன். கொடுக்கலாம், ஆனால் ஒரு நாட்டு பட்ஜெட்டை நம்பி நாலு நாட்டு ரயிலை ஓட்டினால் இப்படித்தான் ஆகும். என்னைக் கேட்டால் தண்டவாள வாடகையை இரவு ரயிலுக்குக் குறைப்பதும், பராமரிப்புக்கு நடுவிலும் ஒரு பாதையை உறுதியாக ஒதுக்குவதும், கார் ஏற்றும் சாய்தளங்களைப் பிளாட்பாரம் மாதிரிப் பொதுச்சொத்தாக வைத்து யார் கேட்டாலும் கொடுப்பதும் அதைவிட நின்று நிலைக்கும். ஓட்டுபவர் மாறினாலும் அந்த மூன்றும் அங்கேயே இருக்கும்.

டிசம்பர் 20

டூசல்டார்ஃபிலிருந்து வரும் கோடையில் வெரோனா போகக் கேட்ட தம்பிக்கு: சீக்கிரம் பதிவு செய், இத்தாலியப் பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவுக்கு முன்னால் காரை டேப் வைத்து அள. கூரைக் கம்பிகளோடு உயரம், கண்ணாடி மடக்கி அகலம். பத்திரத்தில் இருக்கும் எண்ணை நம்பாதே. கூரைப்பெட்டி இருந்தால் கழற்றிவிடு. குழந்தை இருந்தால் முழு அறையும் எடு. மருந்து, பால்பவுடர், சார்ஜர் எல்லாம் கையோடு. வெரோனாவில் இறங்கியதும் கார் உடனே வரும் என்று நினைக்காதே, வண்டிகளைப் பிரித்து நிறுத்தி ஒவ்வொன்றாக இறக்க நேரம் பிடிக்கும். மதியத்துக்கு முன்னால் யாரிடமும் வருகிறேன் என்று சொல்லி வைக்காதே.